சின்னவள் இருக்கிறாள்

"போனது போகட்டும்மா. இருக்கறதையாவது பத்திரமா பாத்துக்கோ" என்று நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். இரட்டைப் பெண்கள் குறைமாதத்தில் பிறந்து அன்றைக்குப் பதினோரு நாள். தையல் கம்பெனியில் என் வேலை போனதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"எது போனது அண்ணி?"

அவள் முகம் வெளிறியது. "அதான்... சின்னது. மூணாம் நாளே தவறிடுச்சுன்னு தம்பி சொன்னானே. உங்கிட்ட அதைப் பத்திப் பேசவே கூடாதுன்னான். பாழாப்போன வாய், சும்மா இருக்கா?"

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் சின்னவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எழுநூற்று நாற்பது கிராம். இயந்திரம் தள்ளும் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் தீக்குச்சிகளாகத் தெரியும். கண்ணாடிப் பெட்டியின் துளையில் கையை விட்டு உள்ளங்காலைத் தொட்டபோது, வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். தொடாதே என்கிற மாதிரி. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

"அண்ணி, அவ உள்ளதான் இருக்கா. உயிரோட."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி இது: "அப்போ வீடு தேடி வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போனவங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

நான் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. இப்போது என் வீட்டுக்காரரின் முறை. லிஃப்ட் மெக்கானிக், நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறதென்று நர்ஸ் தினமும் இரண்டு தடவை கழுவவைத்துத்தான் உள்ளே விடுவாள். பெரியவளின் பெட்டிமேல் குனிந்திருந்தார். முதுகு சின்னவளுக்கு. எட்டு நாளாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இடம் போதாமல் அப்படி நிற்கிறார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு. சின்னவளைப் பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம் என் அண்ணன் ஃபோனில் ஏன் மென்று முழுங்கினான் என்பதும் இப்போது விளங்கியது.

வெளியே வந்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"அன்னிக்கு டாக்டர் சொன்னதை நீயும்தானே கேட்ட? விடியறதுக்குள்ள போயிடும்னு நெனச்சேன். எல்லாரும் மாத்தி மாத்திக் கேட்டுட்டே இருந்தாங்க. சொல்லிட்டேன்."

"விடிஞ்சுதே. எட்டு தடவ விடிஞ்சுதே."

"இருக்குன்னு சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? திரும்ப ஒரு தடவ சாகடிக்கச் சொல்றியா?"

"ஒரு தடவ சாகடிச்சது நீங்க. அவ இன்னும் சாகல."

"கத்தாதம்மா, ஆம்பள மனசு..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"நீங்க சும்மா இருங்க அண்ணி." கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. மூன்றாம் நாள் மாலை, பீய்ச்சிய பாலை இரண்டு புட்டிகளில் ஊற்றிவிட்டு, இரண்டாவதில் ஒட்டவேண்டிய சின்னவளின் சீட்டை விரலிலேயே வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நேரமும் நினைவுக்கு வந்தது. நர்ஸ் வந்து கேட்ட பிறகுதான் ஒட்டினேன். அதற்காகவும் இவர்மேல்தான் ஆத்திரம் வந்தது.

"ஃபோனை எடுங்க. மொதல்ல உங்க அம்மாவுக்கு. அப்புறம் எங்க அண்ணனுக்கு. யார் யார்கிட்ட சொன்னீங்களோ, ஒருத்தர் விடாம."

"சாயங்காலம் பேசறேனே..."

"இப்போ. பேசி முடிக்கற வரைக்கும் உள்ள உங்க முறையும் எனக்குத்தான். நர்ஸ்கிட்ட சொல்லிடுவேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நாத்தனார் பையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.

நான் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு சின்னவளிடம் போனேன். நர்ஸ் ஊசிக்குழலில் ஒரு மில்லி பாலை ஊற்றி, அவள் வாய்க்குள் போகும் குழாயோடு பொருத்தி, பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பால் இறங்குவதே தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவது எனக்குக் கேட்காது. எதிர்முனையில் யாருக்கோ விளங்கவில்லை போலும். திரும்பத் திரும்பச் சொன்னார், தலையை ஆட்டினார். பிறகு, ஃபோனில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது என்பதையே மறந்து, இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டியபடி நின்றார்.