ஒம்பது வர்ற ஜோடி

ஜோஷ்வா பானெட்டத் தூக்கி நிறுத்தினதும், முன்சீட்டுல உக்காந்திருந்த அம்மா மறைஞ்சு போயிட்டா.

அப்பா ஏசுபாதம் வூட்டுக்குள்ள குளிர்பெட்டியில படுத்திருந்தாரு. நேத்து சாயங்காலம் போன உயிரு. குவைத்துலேர்ந்து ஓடி வந்த ஜோஷ்வாவுக்கு இன்னும் பிளேன்லயே மிதக்கிற மாதிரி இருந்துச்சு. பக்கத்துக் கல்பட்டறை உளிச் சத்தம்கூட தண்ணிக்கடியிலேர்ந்து கேட்டுச்சு.

அம்மா காசியம்மாள் அழவேயில்ல. ஒரு வார்த்த பேசல. விடியக்காலையில வந்து அப்பாவோட பழைய அம்பாசிடர்ல உக்காந்தவதான். கல்லறைக்கு வேன்ல ஏறச் சொன்னா, மாட்டேன்னு தலைய ஆட்டிட்டா. இந்த வண்டியோ ஸ்டார்ட் பண்ணாலே குலுங்குது, ஒரு சிலிண்டர் இழுக்கல.

"இன்னாடா, இப்போ போயி இத்தப் பிரிச்சுகினு கீற?" அக்கா ஜெனிட்டா கடிஞ்சா. "பாஸ்டர் வந்துகினு கீறாரு."

"நாலாவது வால்வு சத்தமே போடலக்கா. சத்தம் போட்டா பயமில்ல. இது தேஞ்சு உள்ள எறங்கி கேப்பு மூடிக்கிச்சு. வுட்டா கருகிடும்."

"அப்பா வாயி அப்டியே வந்துகீது ஒனக்கு."

வரிசையா எட்டு வால்வு. ஒண்ணு முழுசா அமுங்கி நிக்கிறப்போ, அதோட கூட்டினா ஒம்பது வர்ற ஜோடி தளர்வா நிக்கும். அப்போதான் அந்த ஜோடிக்கு கேப்பு வைக்கணும். அமுங்கின நம்பர அப்பா சொல்லுவாரு, சீட்டுல உக்காந்துகினு அம்மா ஜோடியச் சொல்லுவா. ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சா ரெண்டு பேருக்கும் இதான் பேச்சு.

ஜோஷ்வா குனிஞ்சு இஞ்சினத் திருப்புற ஹேண்டில சுத்தினான். "எட்டு"ன்னு முணுமுணுத்துட்டு, தூக்கமில்லாத கண்ணோட ரெண்டாவது வால்வுல கேப்பு அளக்குற தகட்ட வச்சான்.

"ஒண்ணு."

பானெட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, கரகரன்னு. ஜெனிட்டா வாயப் பொத்திக்கிட்டா.

அவன் எட்டிப் பாக்கல. பாத்தா நின்னுடுமோன்னு பயம். தகட்ட ஒண்ணாவதுக்கு மாத்தி சரி பண்ணிட்டு, மறுபடி சுத்தினான்.

"ஆறு."

"மூணு."

"நாலு."

"அஞ்சு. மெதுவாத் திருப்புடா, ஸ்க்ரூ வழுக்கும்."

அப்டியே ஒவ்வொண்ணா வந்துச்சு. அவன் "அஞ்சு"ன்னப்போ, "நாலு"ன்னு வந்த குரல் ஈரமா இருந்துச்சு. நட்டத் தளர்த்தினான். ஒட்டிக்கினு கெடந்த நாலாவதுல தகடு வழுக்கிகினு போச்சு.

"ரெண்டு."

"ஏழு."

எட்டும் முடிஞ்சிடுச்சு. அந்தப் பக்கம் சத்தமில்ல. தெருமுனையில பாஸ்டரோட வெள்ள அங்கி தெரிஞ்சுது. ஜெனிட்டா, வால்வுங்களுக்கு மேல மூடுற டேப்பட் மூடிய எடுத்து நீட்டினா.

ஜோஷ்வா வாங்கல. ஹேண்டில இன்னொரு சுத்து மெதுவா சுத்தினான்.

"எட்டு"ன்னான்.

கடல்காத்து தெருவுல நொழஞ்சு பந்தல் துணிய உப்ப வச்சுட்டுப் போச்சு.

"ஒண்ணு."

எண்ணெ சொட்டுற மூடிய சேலையோட அணைச்சுகினு, ஜெனிட்டா அங்கேயே நின்னா.