ஆணியில் தொங்கிய சாவி

அக்கா, வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அன்று, அப்பா செய்த முதல் வேலை வாசல் பூட்டை மாற்றியதுதான். சாவிக் கடைக்காரருக்குக் கோபம் வந்தால் வேறென்ன செய்வார்? புதுப் பூட்டுக்கு மூன்று சாவிகள். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு.

அம்மா தினமும் முழங்காலில் நின்றாள். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பி இந்த அப்பனையும் பொண்ணையும் சேர்த்து வையும்."

போதகர் வந்தார். அப்பா தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். பாடகர் குழுத் தலைவர் வந்தார். அவருடைய அலமாரிப் பூட்டைப் பற்றியே பேசி அவரையும் அனுப்பிவிட்டார்.

ஒருநாள் அப்பாவின் கடையில் பித்தளைத் தூளைக் கூட்டும்போது பார்த்தேன். ஆணியில் சிவப்பு நூல் கட்டிய சாவி ஒன்று. எங்கள் வீட்டுச் சாவி. சிவப்பு அக்காவுக்குப் பிடித்த நிறம். ஓடிப்போய் அவளுக்கு போன் போட்டேன். "அலோ" என்றாள். வழக்கம்போல எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வைத்துவிட்டேன்.

அப்பாவின் தங்கையான அத்தைக்குச் சபையில் வைத்த பெயர் ரேடியோ. ஜெபக்கூட்டத்தில் அவள் உட்கார்ந்திருந்தால் எல்லோருக்கும், வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் 'சொல்லப்படாத விண்ணப்பம்'தான்.

அந்த அத்தை பீரோ சாவி தொலைந்துபோனதென்று கடைக்கு வந்தாள். வந்தவள் கண் நேராக ஆணிக்குப் போனது.

"என்னண்ணே, இது உங்க வீட்டு சாவியாச்சே! யாருக்கு?"

"சும்மா... பெரியவளுக்கு." அப்பா அரத்தைக் கீழே வைத்தார். "தாயே, யாருகிட்டயும் சொல்லிடாத."

"எனக்கென்ன வேற வேலையில்லையா?"

கடையிலிருந்து அத்தை வீட்டுக்கு ஒரே தெரு. அன்று அவள் போய்ச் சேரச் சாயங்காலமாகிவிட்டது. தையல் கடையில் அவள் சொன்னபோது அப்பாவுக்குக் கண் கலங்கியிருந்தது. மருந்துக் கடையில் தேம்பித் தேம்பி அழுதார். அக்கா வேலை பார்க்கும் ரொட்டிக் கடைக்குச் செய்தி போனபோது, சாவியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அன்ன ஆகாரமில்லாமல் படுத்துக் கிடந்தார்.

கையெல்லாம் மாவோடு அக்கா ஓடி வந்தாள். அப்பா அப்போதுதான் இரண்டாம் முறை சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா! நீங்க சாப்பிடவே இல்லைன்னு சொன்னாங்களே!"

வாய் நிறையச் சோறு. மென்று விழுங்கிவிட்டு, "இப்பதான் ஆரம்பிச்சேன்" என்று கூசாமல் பொய் சொன்னார்.

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. "பூட்டை மாத்தினீங்கள்ல?"

"உனக்கும் சாவி போட்டேன்ல?"

எச்சில் கையோடு எழுந்து, செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினார் அப்பா.

அம்மா மேலே பார்த்தாள். "யாரையாவது அனுப்பும்னு கேட்டது நான்தான். அதுக்காக இந்த ரேடியோவையா அனுப்புவீரு?"

ஞாயிற்றுக்கிழமை போதகர், பைபிளில் வரும் கழுதையின் வாயைத் திறந்து ஆண்டவர் பேசவைத்ததைப் பிரசங்கித்தார். தவறிக்கூட அத்தை பக்கம் திரும்பவில்லை. அத்தைதான் எல்லோரையும் பெருமையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா இப்போது தன் சாவியால் திறந்துகொண்டு வருகிறாள். அத்தான்தான் அப்பாவுக்குப் பயந்து தெருமுனையோடு நின்றுவிடுகிறார்.

நேற்று அப்பா ஆணியில் இன்னொரு சாவியை மாட்டினார். அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது மாப்பிள்ளைக்கு" என்றார் சத்தமாக. "யாருகிட்டயும் சொல்லிடாத."

அத்தை ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.