மூன்றிலிருந்து இரண்டுக்கு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும் கஜானி சொன்னாள், நான் எடுத்துக்கொண்டேன். மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அது வந்தால் விலகவேண்டும். இப்படிப்பட்டவள் கியர் குறைப்பதைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். போகாத ஊர்களைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறேன். அப்போது நீங்கள் கேட்கவில்லை.

முதல் தொடக்கம்: "வாவியின் மேல் காலைச் சூரியன் பொன்னை உருக்கி–"

வேண்டாம். கஜானி அன்று சூரியனைப் பார்க்கவில்லை. ரோட்டில் கிடந்த மணலைப் பார்த்தாள்.

இரண்டாவது: "கடல் ஊருக்குள் வந்து போய்ச் சில வருடம். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கிழக்கில் முடிந்துவிட்டதாக அறிவித்தாயிற்று. ரோட்டை மறிக்கும் ஆமிச் சென்றிகளுக்கு மட்டும் யாரும் அறிவிக்கவில்லை."

இது இருக்கட்டும்.

2

கஜானிக்கு, கடல் எடுத்த வீடுகளுக்குப் பதில் வீடு கட்டிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. மோட்டார் சைக்கிளும் கொடுத்து, வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து ஓட்டவும் பழக்கினார்கள். வகுப்பில் இவள்தான் கெட்டிக்காரி. கெடுதல் அங்கேதான் தொடங்கியது.

"வேகமாப் போகக்குள்ள கியரக் குறைச்சா, பெரியம்மா, வண்டிச் சில்லு ஒரு வேகத்தில சுத்தும், எஞ்சின் இன்னொரு வேகத்தில சுத்தும். அப்பிடியே கிளச்ச விட்டா பின்சில்லு இழுத்து அடிக்கும். மணலெண்டா சறுக்கிரும்."

"அதுக்கு?"

"கிளச்சப் புடிச்சு, கியரக் குறைச்சு, விடுறதுக்கு முன்ன எக்சிலேட்டர ஒருக்கா முறுக்கணும். எஞ்சின் சில்லுட வேகத்துக்கு ஏறிரும். மறுகா கிளச்ச விட்டா ஒண்டும் தெரியாது."

"நிப்பாட்டத்தானே போறாய்? அதுக்கு ஏன் புள்ள முறுக்குறாய்?"

"ஆமிக்காரனும் இதத்தான் கேட்டிருப்பான்," என்றாள். "கேக்க நேரம் இருந்திருந்தா."

(வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்தில் சென்றிக்கு வருகிறவர் தூரத்திலேயே எல்லாக் கியரையும் குறைத்து, எஞ்சினை முனகவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். சத்தம் இறங்கிக்கொண்டே வரவேண்டும். ஏறினால், தடையை உடைத்துக்கொண்டு ஓடப்போகிறான் என்று பொருள். வகுப்பில் இது இல்லை.)

3

பின் சீற்றில் அவளுடைய மாமியார் அன்னப்பூரணி. இந்த மனுசியை நான் முதலில் நம்பவில்லை. மருமகளின் மோட்டார் சைக்கிளில் ஏறுகிற மாமியார் கதைக்காரிகளுக்கு மட்டுமே வாய்ப்பாள். ஒரு பிரதியில் அவளை இறக்கியும் விட்டேன். கதை ஊமையாகிவிட்டது. திரும்ப ஏற்றினேன்.

பனிச்சங்கேணியில் அவளுக்காக எழும்புகிற வீட்டில் சமைக்கிற குசினிக்கு ஜன்னல் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கப் போகிறாள். பிடித்திருப்பது பின்கம்பியை. கொள்கை.

"மெதுவாப் போ புள்ள. நான் வீடு பாக்க வந்தனான், சொர்க்கம் பாக்க இல்ல."

"மெதுவாத்தான் போறன் மாமி. என்னப் புடிச்சுக் கொள்ளுங்க."

"உன்னப் புடிச்சுத்தானே என்ட மகன் வேலைக்கெண்டு கட்டாரில கிடக்கான்!"

வழக்கமாகச் சென்றி, வழியிலுள்ள பாலத்துக்கு அந்தப் பக்கம். அன்று இந்தப் பக்கம் மாற்றியிருந்தார்கள். வளைவில் திரும்பினால் மணல், மணல்மூட்டை, ஒரு சிப்பாய். கஜானி நாலிலிருந்து மூன்றுக்குக் குறைத்தாள். நன்றாகப் பழகிய கை தானாக முறுக்கியது. எஞ்சின் உறுமியது.

சிப்பாய் துவக்கை உயர்த்தினான்.

"முறுக்காத புள்ள! ஓடப்போறம் எண்டு நினைக்கப்போறான்!" கம்பியை விட்டு மருமகளின் இடுப்பை இறுக்கிக்கொண்டாள் அன்னப்பூரணி.

மூன்றிலிருந்து இரண்டு. கிளச்சைப் பிடித்தாயிற்று. கியர் விழுந்தாயிற்று.

4

கஜானி பிழைத்தாள், எனக்குச் சொன்னவளே அவள்தானே. ஆகவே நீங்கள் பயப்படுவதானால் பின்னால் இருப்பவளுக்காகப் பயப்படுங்கள்.

முடிவு ஒன்று: முறுக்குகிறாள். எஞ்சினுக்குச் சரி. துவக்குக்கு–

முடிவு இரண்டு: முறுக்காமல் கிளச்சை விடுகிறாள். துவக்குக்குச் சரி. மணலில் பின்சில்லு–

(கிளச்சைப் பிடித்தபடியே பிரேக் போட்டால் போதாதா என்று ஓட்டத் தெரிந்தவர்கள் கேட்கிறீர்கள். கேளுங்கள், ராசா. உங்களுக்கு முன்னால் துவக்கு இல்லை.)

முடிவு மூன்று: சிப்பாய் துவக்கைத் தாழ்த்திச் சிரிக்கிறான். பாலம் கடந்து போகிறார்கள். குசினிக்கு ஜன்னல் இருக்கிறது. அதையும் மாமி குறை சொல்கிறாள். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகமும் வந்தது.

மூன்றையும் கஜானிக்கு வாசித்துக் காட்டினேன்.

"மூண்டாவது நல்லா இருக்கு, பெரியம்மா."

"அப்பிடித்தான் நடந்ததா?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மாமி அண்டைக்குத்தான் முதல் முதலா என்னப் புடிச்சவ. அது கதையில வந்துட்டுத்தானே? அதோட விடுங்க."

விட்டுவிட்டேன். முறுக்குவதா, விடுவதா, இனி உங்கள் பாடு, பிள்ளைகளே. ஆனால் அவசரப்படாதீர்கள். மாமியின் கை இன்னும் கொஞ்ச நேரம் அவள் இடுப்பில் இருக்கட்டும்.