கிடார் மைக்கில் இருந்தவள்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து பிழைக்கிறவளுக்கு அந்த நம்பிக்கை வந்துவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். செத்தவர்கள் காலையிலேயே வந்து என் ஸ்பீக்கரில் இருமுவார்கள், தொண்டையைச் செருமுவார்கள். இருமலை வெட்டி எறிந்துவிட்டு டீ குடிக்கப் போவேன். அப்படிப்பட்ட என்னையே ஒருத்தி ஆட்டிவைத்துவிட்டாள்.

அவளுடைய மகள்தான் கேசட்டைக் கொண்டுவந்தாள். கிடாரும் கையுமாக அலைகிற பெண். தன் முதல் ஆல்பத்தில், இறந்துபோன அம்மாவின் பாட்டு ஒன்றைச் சேர்க்க ஆசைப்பட்டாள். கூடவே அப்பா வந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் கதவை ஒட்டியே நின்றார், எப்போது ஓடலாம் என்று பார்க்கிறவர் மாதிரி.

"எங்கம்மா சொந்தமா பாட்டு கட்டிக் கூட்டங்கள்ல பாடுவாங்கக்கா. நாட்டுப்புற மெட்டு, கையில கிடார். ஆனா அவங்க குரல் ஒரு இடத்துலயும் பதிவாகல" என்றாள் மகள். "மெட்டை மட்டும் கிடார்ல வாசிச்சு கேசட்ல வைப்பாங்களாம். வார்த்தையெல்லாம் மனசுலயே இருக்குமாம். அப்பாதான் சொன்னாரு. இதுல கேக்கறது அப்பா குரல். பாட்டு மறந்துடக் கூடாதுன்னு பின்னாடி பாடி வச்சாராம். கொஞ்சம் காதைப் பொத்திக்கோங்க."

"அவ்ளோ மோசமா இருக்காதும்மா" என்றார் அப்பா.

இருந்தது. கல்லில் கத்தி தீட்டுகிற குரல். நல்ல வேளையாக, ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி வரிசையில் பதிகிற நாலு டிராக் ரெக்கார்டரில் எடுத்தது; இவர் குரல் தனி டிராக்கில் இருந்தது, கிடார் தனி டிராக்கில். இவரை நிறுத்திவிட்டுக் கிடாரை மட்டும் எடுத்துக்கொடுத்தால் மகள் அதன்மேல் பாடிக்கொள்ளலாம். அரை நாள் வேலை.

கிடாரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கம்பிகளை நன்றாகத் தளர்த்திக் கட்டியிருந்தாள். கட்டைவிரல் கீழே ஒரே சீராக நடக்க, மற்ற விரல்கள் மேலே தம் இஷ்டத்துக்குத் திரிந்தன. வாசித்தவளுக்கு அவசரமே இல்லை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வாசிப்பு ஒரே கார்டில், ஒரே சுரக்கூட்டில், சுற்றிச் சுற்றி வந்தது.

"அந்த இடம்தான்க்கா உயிர்" என்று மகள் தன் கிடாரை எடுத்து அதை அப்படியே வாசித்துக் காட்டினாள். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியதாம். "ஏன் இங்க சுத்துறாங்கன்னு புரியல. ஆனா சுத்தாம வாசிச்சா பாட்டு செத்துப்போகுது."

நான் ஹெட்ஃபோனை மாட்டி, மேல் சுருதிகளைக் கொஞ்சம் தூக்கி, இரைச்சலை அடக்கினேன். அப்போதுதான் கேட்டது. கிடாருக்குப் பின்னால், பக்கத்து வீட்டுச் சுவர் தாண்டி வருகிற மாதிரி, ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

பிடரி சில்லிட்டது. உடனே என் மேலேயே எரிச்சலும் வந்தது. இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரே அறையில் பாடிக்கொண்டே வாசித்தால் கிடார் மைக்கிலும் குரல் கசியும். எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் கிடார் மைக்கில் கசிந்த குரல், குரல் மைக்கில் முழுசாக விழுந்திருக்க வேண்டுமே? அந்த டிராக்கில் இவர் அல்லவா இருக்கிறார்?

ஹெட்ஃபோனைக் கழற்றி அவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சார், இவங்க பாடியிருக்காங்க."

மகள் கிடாரைக் கீழே வைத்தாள். "அப்பா?"

அவர் அங்கேயே கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் பாடினது. நான் வேலைக்குப் போயிருந்தேன். அவ போனதுக்கு அப்புறம்தான் போட்டுக் கேட்டேன். பாதியில வரி மறந்துட்டா. எப்பவும் மறப்பா, நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கேசட்லயும் 'யோவ், அடுத்தது என்னய்யா'ன்னு கேட்டா. எனக்குத் தாங்கல. நிறுத்திட்டு, முதல்லேர்ந்து கூடவே பாடலாம், அந்த இடம் வந்ததும் சொல்லிக் கொடுக்கலாம்னு ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். காலி டிராக்னு நெனச்சு அவ டிராக்கை அழுத்திட்டேன். அவ சத்தம் கேக்கலையேன்னு தோணிச்சு. நான் கத்துறதுல கேக்கலைன்னு நெனச்சுட்டேன். முடிஞ்சு திருப்பிப் போட்டா, அவ இல்ல."

மகளுக்கு வந்த கோபத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. "அம்மா கிடாரை மட்டும்தான் பதிவு பண்ணுவாங்கன்னு சொன்னியே. இருந்த ஒரே குரலை அழிச்சுட்டு, என்கிட்ட இத்தனை வருஷமா..." என் பக்கம் திரும்பி, "போடுங்கக்கா" என்றாள்.

இருந்த வித்தையெல்லாம் இறக்கிக் கிடாரை எவ்வளவு அமுக்க முடியுமோ அவ்வளவு அமுக்கினேன். ஸ்பீக்கரில் போட்டேன். அவர் டிராக்கையும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். கத்தி தீட்டுகிற குரலுக்கு அடியில் ஒரு மெல்லிய குரல் கூடவே நடந்தது. மகள் விரல் நகத்தைக் கடித்தபடி ஸ்பீக்கரிடமே போய் நின்றாள்.

கார்டு சுற்ற ஆரம்பித்தது. "யோவ், அடுத்தது என்னய்யா?" என்று ஒரு சிரிப்பு கேட்டது.

டிராக்கில் இருந்த அவர் பளிச்சென்று எடுத்துக் கொடுத்தார்: "வெளக்கை அணைக்காதே, விடியுமுன்னே வந்திடுவேன்."

கிடார் இன்னும் ஒரு சுற்று சுற்றியது. மகள் உயிர் என்று சொன்ன இடம் இதுதான். ஒருத்தி வரியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு அவள் பாடினாள். அவர் எடுத்துக் கொடுத்த வரியை அல்ல.

"வெளக்கை அணைச்சிடு, விடிஞ்சா வேலை கிடக்கு உனக்கு. புள்ளைக்கும் கண் கூசும், போய்ப் படு."

அதற்குமேலேயே, அதே நேரத்தில், அவர் "வந்திடுவேன், வந்திடுவேன்" என்று உரக்க இழுத்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது.

"இது எனக்குத் தெரியாது" என்றார் அவர். "அன்னிக்கு அவ கேள்வி கேட்டதோட கேசட்டை நிறுத்திட்டேன். மிச்சத்தை நான் கேக்கவே இல்ல." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிட்டுத்தான் போயிருக்கா. நான்தான் மேல ஏறிக் கத்தியிருக்கேன்."

"புள்ளைன்னா நான்" என்றாள் மகள், யாரிடமோ சொல்வதுபோல.

"நீதான். வேற யாரு."

அவர் எழுந்து என் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். "இன்னொரு வாட்டி போடும்மா. என்னை நிறுத்திட்டு அவளை மட்டும் போடு."

அவர் டிராக்கை மூடினேன். அவள் தனியாக, தூரமாக, இரைச்சலோடு பாடினாள். கார்டு சுற்றத் தொடங்கியது. "யோவ், அடுத்தது என்னய்யா?" என்று அவள் கேட்டதும் அவர் வாய் தானாகத் திறந்தது. கையால் அழுத்திப் பொத்திக்கொண்டார். அவளே யோசித்துப் பாடட்டும் என்று காத்திருந்தார்.