தீப்பெட்டிக்கு அடியில் ஒரு சீட்டு

லொரைன் தன் மூன்று படகுகளின் இயந்திரங்களையும் நிறுத்தி வைத்திருந்தாள். நிறுத்தினாள் என்றால், சீட்டில் 'நில்' என்று எழுதித் தீப்பெட்டிக்கு அடியில் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான். எதிரணியும் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்த பிறகு நடுவர் இரண்டையும் பிரிப்பார். எழுதியது எழுதியதுதான்.

சர்ச் ஹாலின் நீல மேசைதான் கடல். மேற்கே மஞ்சள் துணியில் மணல்திட்டு, அதன் ஓரத்தில் ஒரு சிவப்பு மிதவை. கிழக்கே மூழ்கிய கப்பல் ஒன்றின் மறைவில் அவளுடைய படகுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரலின் நுனியளவு. நீருக்கடியில் குண்டு ஏவும் யுத்தகாலத்து டார்ப்பிடோ படகுகள். நாலு மாதம் உட்கார்ந்து வண்ணம் தீட்டியவள் அவள். நடுப்படகின் ஏரியல் கம்பம், அவள் வீட்டுப் பூனை உதிர்த்த மீசைமுடி.

"என்ன லொரைன், பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நிக்கிறே?" என்றார் எதிரே ரோலண்ட். ஃபெலிக்ஸ்டோ அணியின் தளபதி. ஆறு வருஷமாக இந்த விளையாட்டின் கோப்பை அவர்களிடம்தான்.

"உங்க கப்பல் ஏறட்டும்னுதான். டிக்கெட் எடுத்தாச்சா?"

லொரைனின் லோஸ்டாஃப்ட் அணி ஆட்கள் சிரித்தார்கள். கிளைவ் மட்டும் சிரிக்கவில்லை. பதினாலு வருஷம் அணியின் தளபதியாக இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். கண் ஆபரேஷன் ஆனதால் இந்த வருஷம் ஒரு கண்ணில் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கரும்பலகையில் 'தளபதி: லொரைன்' என்று எழுதியவர், கீழேயே அடைப்புக்குறிக்குள் 'இன்று மட்டும்' என்றும் எழுதி வைத்திருந்தார். காலையில் அவளிடம், "புதுசா எதையும் பண்ணி வைக்காதே, ஜெயிச்சா போதும்" என்று வேறு சொன்னார். ஜெயித்தால் அந்த அடைப்புக்குறியை அழிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவது என்று அவளும் அப்போதே முடிவு செய்திருந்தாள்.

ரோலண்டின் எண்ணெய்க் கப்பல் அவரை நோக்கியே வந்துகொண்டிருந்தது. மணல்திட்டைச் சுற்றித் திரும்பி, அவர் பக்கத்து விளிம்பைத் தொட்டுவிட்டால் ஆட்டம் அவருக்கு. இன்னும் இரண்டே நகர்வு. இருவரும் அடுத்த நகர்வைப் புதுச் சீட்டில் எழுதினார்கள். கவிழ்த்தார்கள்.

நடுவர் டெஸ்மண்ட் ரோலண்டின் சீட்டை முதலில் பிரித்தார். "எண்ணெய்க் கப்பல், வலப்பக்கம் திரும்பு."

எல்லோரும் மேசையை எட்டிப் பார்த்தார்கள்.

கப்பல் ரோலண்டைப் பார்த்து வருகிறது. அவருடைய வலக்கை, கப்பலுக்கு இடக்கை. வலப்பக்கம் திரும்பினால் கப்பல் நேராக மணலில் ஏறும். நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் செய்கிற பிழை. லொரைன் செய்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவள். அவள் எப்போதும் படகுக்குள் உட்கார்ந்துதான் யோசிப்பாள்.

ரோலண்டின் காது மடல்கள் சிவந்தன. "அடச்சே! கை பிசகிடுச்சு டெஸ்மண்ட். நான் எந்தப் பக்கம் நெனச்சேன்னு எல்லாருக்கும் தெரியும்ல?"

"தெரியும். ஆனா விட்டுக்கொடுக்கிறது அவங்க இஷ்டம்" என்றார் டெஸ்மண்ட்.

"லொரைன், வாயே திறக்காதே!" கிளைவ் எழுந்தே விட்டார். "மணல்ல ஏறட்டும். ஆறு வருஷம் ஆச்சு!"

அவள் மணல்திட்டைப் பார்த்தாள். கோப்பை அங்கேதான் கிடந்தது. குனிந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த ஆறு வருஷமும் பப்பில் என்ன பேசுவார்கள்? ரோலண்ட் தரைதட்டிய கதையைப் பேசுவார்கள். அந்தக் கதையில் அவள் இருக்கவே மாட்டாள்.

தன் தீப்பெட்டியைப் பார்த்தாள்.

"திருத்திக்கட்டும்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் கிளைவ்.

ரோலண்ட் அவளை உற்றுப் பார்த்தார். "நெஜமாவா சொல்றே? அப்புறம் அழக்கூடாது."

"இடப்பக்கம் திருப்புங்க ரோலண்ட். நீங்க அங்கதான் வருவீங்கன்னு எழுதி வெச்சிருக்கேன்."

டெஸ்மண்ட் எண்ணெய்க் கப்பலை இடப்பக்கம் திருப்பி நகர்த்தினார். பிறகு அவள் சீட்டைப் பிரித்தார். வாசிக்கும்போது அவர் குரல் ஒரு படி இறங்கியது. "நடுப்படகு. ரெண்டு டார்ப்பிடோ. சிவப்பு மிதவையின் நடுவைப் பார்த்து, நேராக."

அவர் வெள்ளை நூல்கண்டை எடுத்தார். நூல் தொட்டால் அடி. பிறகு பகடையில் ஒன்று விழுந்தால் மட்டும் டார்ப்பிடோ வெடிக்காது. படகின் மூக்கில் நூல்முனையை அழுத்திக்கொண்டு, மறுமுனையை மிதவை வரை இழுத்தார். வழியில் ரோலண்டின் முழங்கை இருந்தது. அவரே அதைத் தூக்கி வழிவிட்டார்.

நூல் கப்பலின் புகைபோக்கிக்கு அடியில், நட்டநடுவில் போயிற்று.

"கப்பல் வர்றதுக்கு முன்னாடியே மிதவைக்குக் குறி வெச்சிருக்கா பாரு" என்றார் ரோலண்ட் மெதுவாக, தன் ஆட்களிடம். குரலில் கோபம் இல்லை.

லொரைன் பகடையைக் கையில் எடுத்தாள். பின்னால் கிளைவ் இருந்த பக்கம், கரும்பலகையில் துணி உரசும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. நூல் இன்னும் இறுக்கமாக நின்றது. அதன் முனையில் பூனை மீசை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.