தணிக்கை நாளில் அப்பா

எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியாமலேயே எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். தமிழில் இளங்கலை படித்தவள் என்றாலும், நான் படித்தவை யாவும் பிறர் எழுதியவை. இதுவே என் முதல் முயற்சி. பிழைகள் இருப்பின் சுட்டிக்காட்டினால் நன்றியுடன் திருத்திக்கொள்வேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கனகரத்தினம் மாமா என்று இங்கே நான் குறிப்பிடும் பெரியவர் சென்ற ஆண்டு மன்னாருக்கே திரும்பிவிட்டார். அவர் இங்கிருந்தவரை இதை எழுதியிருக்க இயலாது. தொலைபேசியில் அனுமதி கேட்டபோது, "எழுது பிள்ளை, ஆர் வாசிக்கப் போகினம்?" என்று சிரித்தார்.

நாங்கள் விருத்தாசலத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வசிப்பவர்கள். நான் பிறந்ததும் இங்கேதான். மாதந்தோறும் வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் முகாமுக்கு வருவார். அவர் பெயரைப் படிக்க, ஒவ்வொருவரும் நேரில் முன்வந்து நின்று முகம் காட்ட வேண்டும். நின்றால்தான் அரசின் உதவித்தொகை கிடைக்கும். குடும்பத் தலைவர் வராவிட்டால் அந்தக் குடும்பத்துக்கே தொகை நிறுத்தப்படும். பிறகு பெயரும் நீக்கப்படும். அரசாங்க மொழியில் இது தணிக்கை. எங்கள் வாயில் செக்கிங்.

கொரோனாவின் இரண்டாம் அலையின்போது என் தந்தையார் தயாபரன் திருப்பூரில் இருந்தார். அவர் பெயிண்டர். முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபின் வேலையும் நின்றது, பேருந்தும் நின்றது. வெள்ளையடிக்கப் போன கட்டடத்திலேயே, சேத்தியாத்தோப்பைச் சேர்ந்த நந்தகுமார் என்னும் சக தொழிலாளியோடு தங்கியிருந்தார். அம்மா யோகராணி வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியும் மூடப்பட்டிருந்தது. ஆகவே அந்த மாதம் எங்களுக்கு வரவேண்டியிருந்தது உதவித்தொகையும், அத்துடன் தருவதாகச் சொல்லப்பட்ட கொரோனா நிவாரணத்தின் முதல் தவணையும் மட்டுமே.

தணிக்கைக்கு முந்தைய நாள் அப்பா பேசினார். குரல் அடைத்திருந்தது.

"சளிதான். சுவர் சுரண்டின தூசு."

"செக்கிங்குக்கு வாறீங்களோ இல்லையோ?" என்றார் அம்மா.

"பஸ் ஓடேல்லை. நடந்தோ வாறது?"

"அப்ப பேரை வெட்டுவாங்கள்."

"வெட்டினா வெட்டட்டும். வந்து ஒட்டுவம்."

அதுவே அவர் எங்களோடு பேசிய கடைசிப் பேச்சு.

கனகரத்தினம் மாமா அடுத்த அறைக்காரர். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரே சுவர். இங்கே பேசுவது அங்கே கேட்கும். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவரே வந்தார்.

"தங்கச்சி, எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டெல்லே நிக்கினம். நான் ரெண்டு தரம் நிண்டா ஆருக்குத் தெரியப் போகுது?"

"உங்கட வயிறு தெரியுமே அண்ணை. அவருக்கு வயிறே இல்லை."

"மூச்சை இழுத்துப் பிடிக்கிறன். அவன்ர சேர்ட் ஒண்டைத் தா."

அக்காலத்தில் முகாமில் பலர் பலருக்காக இப்படி நின்றார்கள். வெளியூர்களில் சிக்கிக்கொண்ட ஆண்கள் பலர் இருந்தார்கள். வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. இதைப் பெரிய தவறாக அன்று எவரும் கருதவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை திடலில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு வட்டத்தில் நின்றோம். மாமா தம் குடும்பத்தோடு முதலில் நின்று முடித்து, பின்னால் போய், அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டையும் வேறொரு மாஸ்க்கும் அணிந்து வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டார். அலுவலர் தம் மாஸ்க்கைக் கீழே இறக்காமலே பெயர்களைப் படித்தார்.

"தயாபரன்!"

மாமா முன்னால் போனார். அலுவலர் அட்டையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னங்க தயாபரன், போன மாசம் பாத்தப்போ குச்சியா இருந்தீங்க? ஊரடங்குல வூட்டு சாப்பாடு நல்லா ஒத்துக்குது போல."

வரிசை முழுவதும் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். மாமா தலையை ஆட்டிவிட்டு அப்பாவின் பெயரில் கையெழுத்திட்டார். அதன் பக்கத்தில் அலுவலர் சுருக்கொப்பம் இட்டார். பணம் அம்மாவின் கையில் கொடுக்கப்பட்டது.

அன்று பிற்பகல் அரிசி உலையில் இருந்தபோது நந்தகுமார் அண்ணன் அழைத்தார். நான்தான் எடுத்தேன்.

"பாப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க, சொல்லுங்கண்ணா."

"நேத்து ராத்திரி மூச்சு வாங்குச்சுன்னு ஆஸ்பத்திரியில சேத்தேன். அண்ணன் காலையில தவறிட்டாரும்மா."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

"பத்து மணி வாக்குல. என்னைக் கிட்டவே விடல. கார்ப்பரேஷன் ஆளுங்களே எடுத்துட்டுப் போறாங்களாம். மூஞ்சிய ஒரு தடவ காட்டுங்கன்னு கேட்டுப் பாத்தேன் பாப்பா."

அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். சற்று நேரம் கழித்து, சோறு வேகவில்லையென்று மறுபடியும் பற்றவைத்தார். பிறகு, "அண்ணையைக் கூப்பிடு" என்றார்.

மாமா வந்தபோது அவர் உடம்பில் இன்னும் அப்பாவின் சட்டை இருந்தது. செய்தியைக் கேட்டதும் அங்கேயே அதைக் கழற்றினார். ஒரு பித்தானை இரண்டு மூன்று முறை முயன்ற பின்பே கழற்ற முடிந்தது.

எங்கள் நிலையை மூவரும் ஒருசேர உணர்ந்தோம். மருத்துவமனையின் கணக்கில் அப்பா காலை பத்து மணிக்குத் திருப்பூரில் இறந்தார். முகாமின் கணக்கில் அதே காலை விருத்தாசலத்தில் நேரில் நின்று கையெழுத்திட்டுப் பணம் பெற்றார். இறப்பைத் தெரிவித்தால், கையெழுத்திட்டது யார் என்ற கேள்வி அடுத்து வரும்.

"நான் போய்ச் சொல்லிப்போடுறன்" என்றார் மாமா. "நான்தான் நிண்டனான் எண்டு."

"சொன்னா?"

"கேஸ் போடுவாங்கள். போடட்டும்."

"கேஸ் போட்டா சிறப்பு முகாமெண்டு மறியலில போடுவாங்கள். உங்கட மூண்டு பெட்டையளையும் ஆர் பாக்கிறது?" அம்மா கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டே பேசினார். "போனவர் போயிட்டார். இருக்கிற ஆக்களையும் அனுப்பச் சொல்லுறீங்களோ?"

அன்றிரவு சுவருக்கு அப்பாலிருந்து மாமாவின் குடும்பத்தார் அழுவது எங்களுக்குக் கேட்டது. எங்கள் அறையில் சத்தமில்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை. முகாமில் எல்லோருக்கும் தெரியும். எவரும் துக்கம் கேட்டு வரவில்லை. வரக்கூடாதென்று அம்மாவே சொல்லி அனுப்பியிருந்தார்.

பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியதும் நந்தகுமார் அண்ணன் வந்தார். அப்பாவின் பையையும் இறப்புச் சான்றிதழையும் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, கொரோனாவுல செத்தவங்க குடும்பத்துக்குப் பணம் குடுப்பாங்கன்னு பேசிக்கிறாங்க. இத பத்திரமா வச்சிக்குங்க."

"தேதியைப் பாருங்கோ தம்பி."

நடந்ததை அம்மா சொன்னார். நந்தகுமார் அண்ணன் சான்றிதழை விரித்துத் தேதியைப் பார்த்தார்.

"ஒரு நாள் தாங்கியிருந்தார்னா..." என்றார்.

"அவர் எங்க போறதெண்டாலும் நேரத்தோடயே போயிடுவார்" என்றார் அம்மா. பிறகு, முகாமில் எப்போது வேண்டுமானாலும் சோதனை வரலாம் என்பதால், சான்றிதழை நந்தகுமார் அண்ணன் வீட்டிலேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அடுத்த தணிக்கையில் அப்பா இல்லை. வேலைக்குப் போயிருக்கிறார் என்றார் அம்மா. அதற்கடுத்த தணிக்கையிலும் அதையே சொன்னார். நிவாரணத்தின் இரண்டாம் தவணையும் மாதத்தொகையும் நிறுத்தப்பட்டன. பிறகு மப்டியில் ஒரு காவலர் விசாரணைக்கு வந்தார். வெளியாரிடம் பேசும்போது அம்மாவின் பேச்சு இவ்வூர்ப் பேச்சாகிவிடும்.

"போட்ல ஏறித் தப்பிட்டாரா? ராமேஸ்வரமா, கேரளாவா?"

"தெரியாதுங்க."

"ஏஜெண்டுக்கு எவ்ளோ குடுத்தீங்க?"

"எங்ககிட்ட ஏதுங்க பணம்?"

"புருஷன் எங்க போனான்னு பொண்டாட்டிக்குத் தெரியாதா? யாருகிட்ட கதை வுடுறீங்க?"

"சொல்லாம போயிட்டாருங்க" என்றார் அம்மா.

அப்பாவின் பெயருக்கு எதிரே 'தலைமறைவு' என்று எழுதப்பட்டது. அம்மாவைக் குடும்பத் தலைவியாக்கி மறுபடியும் தொகை தர ஐந்து மாதங்கள் ஆயின.

அதற்குள் பொம்மைக் கம்பெனி திறந்துவிட்டது. அச்சிலிருந்து எடுத்து இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மைகளின் விளிம்புகளில் ஒட்டுத் தடம் இருக்கும். அதைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைப்பது அம்மாவின் வேலை. ஒருநாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த சிந்தாமணி அத்தை கேட்டார்:

"ஏண்டி யோகா, உன் வூட்டுக்காரரு கப்பலேறிட்டாராமே! ஆஸ்திரேலியாவா, கனடாவா?"

அம்மா பிள்ளையார் பொம்மை ஒன்றின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியலக்கா."

"அங்க வெள்ளைக்காரி யாராச்சும் புடிச்சி வச்சிக்கப் போறா. பணங்காசு அனுப்புறாரா?"

"அனுப்புவாரு."

"அனுப்புனா எங்களுக்கெல்லாம் பிரியாணி போடணும், ஆமா."

"போடுறேங்க்கா" என்று அம்மா அடுத்த பொம்மையை எடுத்தார். சிந்தாமணி அத்தை நல்லவர். பண்டிகை தவறாமல் எங்களுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புபவர். அவரைக் குறைகூறுவதாகத் தயவுசெய்து கருதிவிட வேண்டாம்.

சென்ற ஆண்டு மாமா தம் மனைவியோடு ஊருக்குத் திரும்பினார். மகள்மார் மூவரும் ஏற்கெனவே திருமணமாகி வேறு முகாம்களுக்குப் போயிருந்தார்கள். மன்னாரிலிருந்து அவர் முதன்முதலாகப் பேசியபோது, "இனிச் சொல்லுங்கோ தங்கச்சி. என்னை இனி ஆரும் பிடிக்கேலாது" என்றார்.

அடுத்த வாரம் அம்மாவும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். நந்தகுமார் அண்ணனிடமிருந்து வாங்கிவந்த சான்றிதழ் என் பையில் இருந்தது. முதலில் கேட்டுப் பார்ப்போம், பிறகு கொடுப்போம் என்று அம்மா சொல்லியிருந்தார். மேசையில் புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் இருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு பேர்ல தலைமறைவுன்னு இருக்குதுங்க. அதை எடுக்கணும்."

"எடுக்கலாம்மா" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரை நேர்ல வரச் சொல்லுங்க."

"அவர் வர முடியாதுங்க."

"அவரு நேர்ல வராம நான் எப்படிம்மா எடுக்க முடியும்? கடைசியா அவரே நேர்ல வந்து கையெழுத்து போட்டிருக்காரு, பாருங்க. வந்தா உடனே எடுத்துடலாம்."

நான் பையின் ஜிப்பில் கை வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அடுத்த ஆண்டு ஏதேனும் அரசு உதவியில் மேற்படிப்பு கிடைக்கலாம் என்ற பேச்சு அப்போது இருந்தது. பொய்க் கையெழுத்து வெளிப்பட்டால் அதுவும் போய்விடும்.

"சரிங்க, போயிட்டு வரேங்க" என்றார் அம்மா.

அலுவலகத்துக்கு நாங்கள் மறுபடியும் போகவில்லை.

இவ்வளவு தூரம் பொறுமையோடு வாசித்தவர்களுக்கு என் நன்றி. கதையை எப்படி முடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஆதலால் நாங்கள் இழந்தவற்றை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன். அப்பா. கொரோனா நிவாரணத்தின் இரண்டாம் தவணை. ஐந்து மாத உதவித்தொகை. அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஓர் ஆளுக்குரிய பங்கு. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கென்று பின்னர் அறிவிக்கப்பட்ட ஐம்பதாயிரம் ரூபாய். இவ்வூர் மணிமுத்தாற்றில் அப்பாவுக்குக் கொடுக்காத திதிகள். மேற்படிப்பு, அது கிடைக்கவில்லை. அடுத்த அறையில் கனகரத்தினம் மாமாவின் குடும்பம்.