மாமாவுக்குச் சொல்லும் முறை

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, கனடாவில் ஸ்காபரோ என்ற ஊரில், மரம் விற்கும் யாட்டில் என்னை ஃபோர்மன் ஆக்கினார்கள். அகஸ்ரினுக்கு வந்த வாழ்வைப் பார் என்று நாங்கள் இருந்த வெக்ஸ்போர்ட் பகுதி முழுக்கக் கதை. வினையையும் நானேதான் தேடிக்கொண்டேன். மனைவி ஜோசப்பினின் நச்சரிப்புத் தாங்காமல் அவளுடைய அப்பா சீமோனுக்கும் அங்கேயே வேலை எடுத்துக் கொடுத்தேன்.

பெண் கொடுத்த மாமனை மருமகன் வேலை வாங்குவதா? முதல் நாளே, "மாமா, உந்தப் பலகையை இங்கால வையுங்கோ" என்றேன். மாமா பலகையைத் தொப்பென்று கீழே போட்டார். "நீர் எனக்குச் சொல்லுறீரோ?" அன்று வீட்டில் எனக்கு ஆறின சோறுதான்.

அதன் பிறகு எல்லாம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கஸ்பர் வழியாகத்தான். மாமா என் பக்கத்திலேயே நிற்பார். நான் கஸ்பரைப் பார்த்து, "மாமா ஹெல்மெட் போட்டா நல்லம்" என்பேன். கஸ்பர் அதை அவருக்குச் சொல்வான். "போடுறன் எண்டு சொல்லு" என்பார் மாமா. கஸ்பர் லீவு எடுத்தால் மாமா அசையமாட்டார்.

குளிருக்கு ஒதுக்கமாக இரண்டு மர அடுக்குகளுக்கு நடுவில் நின்று பிளாஸ்கில் தேத்தண்ணி குடிப்பது அவர் வழக்கம். முதலாளி மாரியோ அதைக் கண்டுவிட்டான். இன்னொரு தரம் அந்தக் கிழவன் அதற்குள் நின்றால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்று கத்தினான். இரண்டு சம்பளமும் போனால் வாடகைக்கு எங்கே போவது? கஸ்பரிடம் சொல்லி அனுப்பினேன். "யோசிக்கிறன் எண்டு சொல்லு" என்று பதில் வந்தது.

ஒரு பின்னேரம் கஸ்பர் மேல் அடுக்கில் புதுக் கட்டு ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தான். படார் என்று கட்டின் பட்டி அறுந்தது. கீழே அந்த இடுக்கில் மாமா, கையில் பிளாஸ்க். எஞ்சின் இரைச்சலில் கஸ்பருக்கு எதுவும் கேட்காது.

"மாமா! மாமா!"

திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினார், பொறும் என்று. மேலே மரம் சரியத் தொடங்கியது. ஐயோ மாதாவே! என் வாய் தானாகவே திறந்தது.

"டேய் சீமோன்! வாடா இங்கால!"

மனிதர் பாய்ந்தார் பாருங்கள்! அறுபது தாண்டியவருக்கு அப்படியொரு பாய்ச்சல், என்னை அடிப்பதற்கு. அவர் முதுகுக்குப் பின்னால் முழுக் கட்டும் விழுந்து சிதறியது. திரும்பியே பார்க்கவில்லை. என் கொலரைப் பிடித்து, "ஆரடா சீமோன்? ஆருக்கடா டேய்?" என்று உலுக்கினார். சத்தம் கேட்டுப் பிறகு ஓடி வந்த மாரியோ, கிழவன் நன்றி சொல்கிறான் என்று நினைத்துக் கை தட்டினான்.

வீட்டில் ஜோசப்பின் வாசலிலேயே நின்றாள்.

"அப்பாவை டேய் எண்டனீங்களோ?"

"மரம் விழுந்துதப்பா!"

"மரம் விழும்தானே. நீங்கள் ஏன் டேய் போட்டனீங்கள்?"

மாமா சுவரைப் பார்த்தபடி இருந்தார். கண் கலங்கியிருந்தது. "மரம் விழுந்திருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பன். இப்ப நான் எங்க போறது, பிள்ளை?"

அடுத்த நாள் காலை நேரே அதே இடுக்கில் போய் நின்றார். பிளாஸ்கைத் திறக்கவில்லை. மாரியோ தன் கந்தோர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கஸ்பர், உவர் இண்டைக்கு என்னை என்னெண்டு கூப்பிடுறார் எண்டு பாப்பம்" என்றார் மாமா.

நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இடுக்குக்குள் போனேன். "மாமா, எனக்கும் ஒரு வாய் தேத்தண்ணி தாறீங்களோ? வெளியில நிண்டு குடிப்பம்."

வந்தார். மூடியில் ஊற்றி எனக்குத்தான் முதலில் தந்தார். தந்துவிட்டு, கஸ்பரைப் பார்த்து, "சூடு எண்டு சொல்லு" என்றார்.